தண்ணீர் கொடுத்தவன்

“அவன் சாகும்போது தண்ணி கேட்டானா?”

கேள்வி சமையல் கொட்டகைப் பக்கமிருந்து வந்தது. பந்தலுக்குக் கீழே நானும் போனிஃபாசியோவும் எதிரெதிர் தூளிகளில் உட்கார்ந்து மூன்றாவது நாளாக ஆடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சாவுக்கு ஈடாக இத்தனை ஆடு என்று நான் கைத்தடி நுனியால் மணலில் ஒரு கோடு போடுவேன். அவன் செருப்புக் காலால் அதை அழிப்பான். இரண்டரை நாளாக இதுதான் நடந்தது. கேட்டவள் சினோபியா. போனிஃபாசியோவின் தங்கை, செத்துப்போன ஒலேகாரியோவின் அம்மா. அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைப்பாள், போவாள். தலையில் எப்போதும் கட்டியிருக்கும் நீலத்துணி இல்லாமல் வெறுந்தலையோடு இருந்தாள். துக்கத்தில் அவிழ்த்துப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பேச்சுக்காரன். எங்கள் குவாஹிராப் பாலையில் ஒருத்தன் இன்னொருத்தனைக் கொன்றுவிட்டால் நாங்கள் போலீஸைத் தேடிப் போவதில்லை. போலீஸும் எங்களைத் தேடி வருவதில்லை. அந்த வகையில் இரண்டு தரப்புக்கும் நல்ல உறவு. கொன்றவன் வீட்டுச் சொல்லைச் செத்தவன் வீட்டுக்கும், செத்தவன் வீட்டுச் சொல்லைக் கொன்றவன் வீட்டுக்கும் சுமந்துபோக ஒரு கிழவன் வேண்டும், அவ்வளவுதான். சொல்லை வாங்கினபடியே கொண்டுபோய் இறக்க வேண்டும். வழியில் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. சுமந்துவந்த சொல்லில் பொய் இருந்தது தெரிந்தால் சமாதானம் அன்றைக்கே செத்துப்போகும். வாங்கின ஆடு திரும்பிப் போகும், மாட்டிவைத்த துப்பாக்கி இறங்கி வரும். ஐம்பது வருஷமாக இந்தத் தொழிலை நான் நேர்மையாகச் செய்திருக்கிறேன். ஒருமுறை நான் பேசி முடிப்பதற்குள் இரண்டு தரப்பும் சம்பந்தி ஆகி, கல்யாணம் முடிந்து, கல்யாணப் பந்தலிலேயே புதுச் சண்டை மூண்டு, அதற்கும் நானே பேசவேண்டி வந்தது. நடுவில் ஒரு காப்பிதான் குடித்திருந்தேன். நம்பாதவர்கள் காப்பி போட்டவளைக் கேட்டுக்கொள்ளலாம், அவளும் செத்துவிட்டாள்.

இந்தச் சண்டை ஒரு கழுதையால் வந்தது. நரிக் குலத்தான் ஒருவனின் கழுதையைச் சினோபியாவின் கழுகுக் குலத்தில் ஒருவன் இரவல் வாங்கினான். கழுதை அவனைக் கீழே தள்ளிக் கையை ஒடித்தது. எங்கள் வழக்கப்படி கழுதையின் சொந்தக்காரன்தான் பொறுப்பு. “ஓட்டத் தெரியாதவனுக்கு நான் எதுக்குப் பொறுப்பு?” என்று கேட்டுவிட்டான் அந்த மடையன். எங்கள் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் திட்டினால் திட்டு திரும்பிவந்து திட்டியவன் காதிலேயே விழும், அதனால் பெரிய சேதம் இருக்காது. இவன் கேட்டது காற்று நின்றிருந்த மாதத்தில். ஆறு வருஷத்தில் நரிப் பக்கம் மூன்று பிணம், கழுகுப் பக்கம் நான்கு. கழுதை மட்டும் வயசாகிச் செத்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த காற்றாலைக் கிணற்றுக்கு யாரும் போகமுடியாமல், பெண்கள் அரை நாள் நடந்து சேற்றுக்குட்டையில் தண்ணீர் எடுத்தார்கள்.

ஏழாவது பிணம் ஒலேகாரியோ. சுட்டது நரிக் குலத்துக் கிரிசாந்தோ. சுடுபட்டுச் செத்தவனை ஆண்கள் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அந்த ரத்தம் பட்டால் தொட்டவனுக்கும் அதே சாவு வரும். சினோபியா ஒற்றை ஆளாக ஒரு கழுதையை ஓட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தூளியில் சுருட்டிக் கட்டி எடுத்து வந்தாள். அவளே குழிக்குள் இறக்கினாள். மற்றவர்கள் மூட்டையைத்தான் பார்த்தார்கள்.

அடுத்து யார் முறை என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு ரத்தம் அம்மா வழியில்தான் ஓடும். கொன்றவன் பெற்ற பிள்ளையைத் தொடமாட்டார்கள், அவன் அக்காள் பிள்ளைகளைத்தான் தேடுவார்கள். கிரிசாந்தோவின் அக்காள் பெர்பெத்துவாவுக்கு நான்கு பையன்கள். மூத்தவனுக்குப் பதினொன்று. கடைசிப் பையனுக்கு இன்னும் நேராக நிற்கக்கூட வரவில்லை. போனிஃபாசியோ என்னிடம் ஆடு பேசிக்கொண்டிருந்தாலும் அவன் கண் பந்தல் கம்பத்தில் மாட்டியிருந்த துப்பாக்கி மேல்தான் இருந்தது. ஆட்டுக்கு அவன் சம்மதித்தாலும் சினோபியா தலையசைக்காமல் காரியம் முடியாது. பெற்றவள் அழுது தீர்க்காத சாவுக்குச் சமாதானம் கிடையாது.

அப்போதுதான் அவள் கேட்டாள். “அவன் சாகும்போது தண்ணி கேட்டானா?”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தனுப்பிய சொல்லில் ஆடு இருந்தது, செம்மணி மாலை இருந்தது, ஒரு கோவேறு கழுதைகூட இருந்தது. தண்ணீர் இல்லை. ஆனால் இரண்டரை நாள் போட்ட கோடுகளையெல்லாம் அவள் அண்ணன் அழித்திருந்தான். எனக்கும் இடுப்பு வலித்தது.

“கேட்டான்,” என்றேன். “கிரிசாந்தோ தன் குடுக்கையிலேருந்து குடுத்தான். தலையைத் தூக்கி மடியில வெச்சுக் குடுத்தான்.”

சினோபியா கொட்டகை வாசலுக்கு வந்து நின்று என்னைப் பார்த்தாள். அந்தச் சமயத்தில் ஒரு கோழி பந்தலுக்குள் வந்து மணலைக் கிளறிவிட்டு வெளியே போனது.

“குடிச்சானா?”

“குடிச்சான்.”

“முழுங்கினானா?”

“ரெண்டு வாய்.”

“அப்ப சரி,” என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். “ஆட்டை வாங்கிக்கோ.”

போனிஃபாசியோவுக்கு வாய் பிளந்தது. “அவ்வளவுதானா?”

“நீ ஆட்டைத்தானே கேட்டே? வாங்கிக்கோ.”

நரிப் பக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கிரிசாந்தோ ஒரு குட்டியை மடியில் போட்டுக் குளம்பிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயசு. கன்னத்தில் இன்னும் சதை வைக்காத முகம்.

“நீ அவனுக்குத் தண்ணி குடுத்தே,” என்றேன்.

“யாருக்கு?”

“ஒலேகாரியோவுக்கு. விழுந்தப்புறம்.”

“நான் கிட்டவே போகலையே மாமா. மேட்டுமேலேருந்து சுட்டேன். விழுந்தான். திரும்பிப் பாக்காம ஓடுனேன். நெஞ்சுல பட்டுதா தோள்ல பட்டுதான்னுகூட எனக்குத் தெரியாது.”

“மடியில தலையை வெச்சு ரெண்டு வாய் குடுத்தே. தகரக் குவளையிலயா, குடுக்கையிலயா?”

“மாமா, எனக்குப் பொய் வராது.”

“ஆளைக் கொல்ல வந்துச்சில்ல? அதைவிட இது லேசு.”

அவன் அக்காள் பெர்பெத்துவா கடைசிப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பையன் அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான். “குடுக்கையிலதான் குடுத்தான்,” என்றாள். “காலையில நான்தான் ரொப்பிக் குடுத்தேன்.” தம்பியைப் பார்த்தாள். “என்னடா முழிக்கிறே? ரொப்பிக் குடுத்தேனா இல்லையா?”

“குடுத்தே,” என்றான் கிரிசாந்தோ.

சமாதானம் கிணற்றடியில் நடந்தது. எல்லாத் துப்பாக்கிகளும் சீமைக்கருவேல மரத்தில் தொங்கின. ஆடுகள் கை மாறின. மாலை கை மாறியது. இரண்டு பக்கத்துப் பெண்களும் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு ஒரே குரலில் அழுதார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து அழுததால் சாயங்காலம்வரை ஆனது. அழுத கண்ணீரில் காற்றாலையின் துருப்பிடித்த சக்கரம் இளகித் தானாகவே சுற்ற ஆரம்பித்தது என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கே சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் சினோபியா ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிரிசாந்தோ முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“எப்படிக் குடுத்தேன்னு காட்டு.”

அவன் குடுக்கையை வாங்கினான். காற்றில் ஒரு தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதுபோல் இடது கையை வளைத்து, வலது கையால் குடுக்கையைச் சரித்தான். “இப்படி,” என்றான். அவள் தலையாட்டினாள். குடுக்கையைத் திரும்ப வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல், தண்ணீரை மணலில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். மகனுக்குப் படைக்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் சிந்தினேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தது என் தப்பு. அடுத்த மாதப் பிறை கண்ட மறுநாள் காலையில் அவள் குடுக்கையோடு கிணற்றடியில் வந்து உட்கார்ந்து கிரிசாந்தோவுக்கு ஆள் அனுப்பினாள். அவன் சொன்னதையே சொன்னான், காட்டினதையே காட்டினான். எல்லாம் கேட்டுவிட்டு, “தண்ணி குடிச்சப்புறம் ஏதாவது பேசினானா?” என்றாள். அவன், “அடுத்த தடவை சொல்றேன் அத்தே, நெஞ்சை அடைக்குது,” என்று சமாளித்துவிட்டு, வெயிலில் மூன்று மணி நேரம் நடந்து என் வீட்டுக்கு வந்து நின்றான்.

“பேசினானா மாமா?”

“பேசாம எப்படிச் சாவான்? அம்மாகிட்டச் சொல்லு, வெள்ளாடு சினையா இருக்குன்னான்.”

போய்ச் சொன்னான். வெள்ளாடு சினையாகத்தான் இருந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் சினையாக இல்லாதது கிடாவும் பாதிரியாரும் மட்டும்தான். ஆனாலும் இரண்டு ஊரும் மெய்சிலிர்த்தன. போனிஃபாசியோ நேரில் வந்து கிரிசாந்தோவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

இப்படி ஒன்பது வருஷம். மாதம் ஒரு தடவை சினோபியா குடுக்கையோடு வருவாள். முதல் ஏழெட்டு வருஷம், அதற்கு இரண்டு நாள் முன்னால் கிரிசாந்தோ என்னிடம் வந்து சொல்வதற்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போவான். இரண்டாம் வருஷம் ஒலேகாரியோ அவனை மன்னித்தான். மூன்றாம் வருஷம் பாட்டு ஒன்று பாடினான். ஐந்தாம் வருஷம் தன் செவலை நாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். கிரிசாந்தோ போய் அந்த நாயைக் கேட்டு வாங்கிவந்து, அது கிழடாகிக் கண் போகும்வரை மீன் கொடுத்து வளர்த்தான். ஏழாம் வருஷம் காற்றாலைக் குழாயில் தோல் வளையம் தேய்ந்து தண்ணீர் நின்றபோது, அது தேயப்போகிறது என்று ஒலேகாரியோ அன்றைக்கே எச்சரித்திருந்தது தெரிய வந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. செத்த பிறகு அவனை நிறுத்தமுடியவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் போன உயிர் எங்கள் கையில் உச்சிவெயிலில் ஆரம்பித்து ஆடு திரும்பும் நேரம்வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் அறிந்தவரை குவாஹிராவில் யாரும் அவ்வளவு நிதானமாகச் செத்ததில்லை.

சினோபியா எதையும் மறுக்கமாட்டாள். இடையிடையே சின்னதாக ஒன்று கேட்பாள். ஒருமுறை நானும் கூட இருந்தேன்.

“பேசும்போது வாயை நல்லாத் திறந்தானா?”

“நல்லாத் திறந்தான் அத்தே.”

“பல்லு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. சிரிச்சான்ல.”

“அவன் பல்லு அழகு,” என்றாள். “கீழ்வரிசை அப்படியே சோளக்கதிர் மாதிரி இருக்கும்.” பிறகு குடுக்கையை வாங்கித் தண்ணீரை மணலில் கவிழ்த்துவிட்டுப் போனாள். மணல் உறிஞ்சிக்கொண்டது.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது, ஆனால் அது சினோபியாவைப் பற்றியது இல்லை. கிரிசாந்தோ என்னோடு சண்டை போட ஆரம்பித்திருந்தான். எட்டாம் வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். “இல்ல மாமா. அவன் என் வலது கையைப் பிடிக்கலை, இடது கையைத்தான் பிடிச்சான்.”

“எப்ப?”

“அப்பதான். சாகும்போது.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

“நீ மேட்டுமேல இருந்தேடா,” என்றேன்.

“முதல்ல இருந்தேன். அப்புறம் எறங்கிப் போனேன்ல.” சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். “போயிருப்பேன் மாமா. போகாம எப்படி இவ்வளவு தெரியும்? அவன் கை சூடு எனக்குத் தெரியுது. கனவுல வர்றான். கோவமே இல்ல அவன்கிட்ட. தண்ணி நல்லா இருந்துச்சுடாங்கறான்.”

அதற்குப் பிறகு அவன் என்னிடம் வரவில்லை. அவனிடமே சரக்கு இருந்தது. முன்பெல்லாம் ஆள் அனுப்பினால்தான் போவான், இப்போது சினோபியாவுக்கு முன்னாலேயே கிணற்றடிக்குப் போய் நிழலில் கல்லைத் துடைத்துவைத்துக் காத்திருந்தான். உடம்பு தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. கொலை செய்த கை என்று பெண் கொடுக்க யோசித்தவர்கள்கூட, சாகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்த கை என்று கொடுத்தார்கள். முதல் பெண்குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்லிச் சினோபியாவைத்தான் கேட்டான். அவளும் வைத்தாள். அந்தக் காலத்தில்தான் நான் பல பந்தல்களில் இந்தச் சமாதானத்தை என் சாதனையாகச் சொல்லிக்கொண்டு நிறையச் சாராயம் குடித்தேன்.

ஒன்பதாம் வருஷக் கடைசியில் போனிஃபாசியோ வீட்டிலிருந்து எனக்குச் சேதி வந்தது. ஒலேகாரியோவை எடுக்கப்போகிறார்கள்.

எங்களுக்குச் சாவு இரண்டு. முதல் சாவில் உடம்பைப் புதைப்போம். எட்டுப் பத்து வருஷம் கழித்துத் தோண்டி, எலும்பை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, தாழியில் போட்டுக் குலத்து மயானத்தில் வைப்போம். அதற்குப் பிறகுதான் செத்தவன் முழுசாகச் செத்தவன், மழையாகத் திரும்பி வருவான் என்பார்கள். எங்கள் பக்கம் மழை பெய்கிற லட்சணத்தைப் பார்த்தால் பாதிப் பேர் வேறெங்கோ குடிபோயிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத வழக்கமா? நூறு எடுப்புக்குப் போய் இருநூறு ஆடு தின்றிருக்கிறேன். ஆனாலும் ஒன்பது வருஷம் வாய் ஓயாமல் பேசவைத்த ஒருத்தனை ஒருநாள் வெளியே எடுத்து வெயிலில் வைப்பார்கள் என்று எனக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லை. சேதி வந்தபோதும் தோன்றவில்லை. எத்தனை ஆடு அடிப்பார்கள் என்றுதான் கேட்டேன்.

நிறைய அடித்திருந்தார்கள். இரண்டு குலமும் வந்திருந்தது. துப்பாக்கிகள் வழக்கம்போல் சீமைக்கருவேல மரத்தில் தொங்கின. ஆண்கள் எல்லோரும் பந்தலில். எலும்பு எடுக்கும் இடத்துக்குப் பெண்கள்தான் போகலாம், அதிலும் கிட்டே போய்த் தொடுவது ஒருத்திதான், மற்றவர்கள் தள்ளி நின்றிருந்தார்கள்; அந்த ஒருத்தி சினோபியா. முந்தின நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அவள் பந்தல் பக்கம் திரும்பி, “டோரிபியோண்ணே, நீங்க வாங்க. சமாதானம் கொண்டுவந்தவரு நீங்க,” என்றாள். பிறகு, “கிரிசாந்தோவையும் வரச்சொல்லுங்க. என் புள்ளை கடைசியா அவன் மடியிலதானே இருந்தான்,” என்றாள்.

பந்தலில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. இப்படி ஒரு மரியாதையை யாரும் பார்த்ததில்லை. கிரிசாந்தோ எழுந்தபோது அவன் கண் நனைந்திருந்தது. போகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் சாராயத்தால் கையைக் கழுவிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். காலில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு எலும்பாக எடுத்து, அங்கி நுனியால் மண்ணைத் துடைத்து, துணியில் அடுக்கினாள். கால், இடுப்பு, விலா. விலா ஒன்றில்கூடக் குண்டடி இல்லை. தோள்பட்டையிலும் இல்லை. கிரிசாந்தோ அதைக் கவனிக்கவில்லை, எலும்பைப் பார்த்து ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் கவனித்தேன். என் கைத்தடி மணலுக்குள் இறங்குவதும் தெரிந்தது.

கடைசியாகத் தலையை எடுத்தாள். அதைச் சுற்றி, முகவாய்க்குக் கீழிருந்து உச்சிவரை, ஒரு துணி கட்டியிருந்தது. மண் ஏறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. முடிச்சுக்குள் மட்டும் நீலம் அப்படியே இருந்தது.

அவள் மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். அவசரப்படவில்லை. துணி விலகியதும் கீழ்த்தாடை இருக்கவேண்டிய இடத்திலிருந்து, உடைந்த ஓட்டுச் சில்லுகள்போல நாலைந்து துண்டுகள் அவள் மடியில் சரிந்து விழுந்தன. ஒரு துண்டில் இரண்டு பல் இருந்தது. மற்றதில் அதுவும் இல்லை. கழுத்தெலும்பின் மேல்துண்டும் பிளந்திருந்தது.

“செத்தவன் வாயை மூடணும்னு கட்டுனேன்,” என்றாள் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில். “மூடறதுக்கு வாய் எங்க இருந்துச்சு.”

கிரிசாந்தோ அந்தத் துண்டுகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. புரிய ஆரம்பித்தபோது, இடது கையைத் தானாகவே தூக்கி, ஒன்பது வருஷமாக ஒரு தலையைத் தாங்கிய அந்த வளைவில் வைத்துக்கொண்டு, வெறும் கையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“அன்னைக்கே தெரியுமா?” என்றேன்.

“நீங்க வாயைத் திறந்தப்பவே தெரியும்ண்ணே.” அவள் பல்லிருந்த துண்டைத் துடைத்தாள். “ஆட்டை எங்கண்ணன் வாங்கிக்கிட்டான். எனக்குச் சேரவேண்டியதை நான் மாசாமாசம் வாங்கிக்கிட்டேன்.”

“அத்தே,” என்றான் கிரிசாந்தோ.

“என்னடா?”

“நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இப்பவே பந்தலுக்குப் போய்...”

“சொல்லேன்.” அவள் பந்தல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பெர்பெத்துவாவின் நான்கு மகன்களும் போனிஃபாசியோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் கறி தின்றுகொண்டிருந்தார்கள். மூத்தவனுக்கு மீசை வந்திருந்தது. கடைசிப் பையன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே எதற்கோ சிரித்தான். அவர்கள் தலைக்கு மேலே மரத்தில் துப்பாக்கிகள் காற்றில் லேசாக இடித்துக்கொண்டன. “போய்ச் சொல்லு. நான் பிடிச்சா வெச்சிருக்கேன்?”

அவன் போகவில்லை.

துண்டுகளை எல்லாம் அதே நீலத்துணியில் முடிந்து தாழிக்குள் போட்டாள். தலையை அதன்மேல் வைத்தாள். தாழி மூடியதும் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள், பந்தலிலிருந்து ஆண்கள் எழுந்து வந்தார்கள். எலும்பு தொட்ட கையால் அவள் எதையும் தொட்டு உண்ணக்கூடாது, குடிக்கக்கூடாது. நாலைந்து நாளைக்கு இன்னொருவர்தான் ஊட்டவேண்டும். அவள் தங்கை மகள் தண்ணீர்க் குடுக்கையோடு ஓடிவந்தாள். சினோபியா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“இவன் குடுக்கட்டும்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். “தண்ணி குடுத்துப் பழக்கப்பட்டவன்.”

கூட்டம் நெகிழ்ந்துபோய்விட்டது. போனிஃபாசியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். “யோவ் டோரிபியோ, உன்னை மாதிரி ஒரு பேச்சுக்காரன் இனிமே பொறக்கப்போறதில்லய்யா.” அதை நான் மறுக்கவில்லை.

கிரிசாந்தோ குடுக்கையை வாங்கிக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

“சொல்லிக்கிட்டே குடு,” என்றாள்.

“என்னத்தைச் சொல்ல அத்தே?”

“எப்பவும் சொல்றதைத்தான். எல்லாரும் கேக்கட்டும்.”

அவன் இடது கை அவள் பின்னந்தலையைத் தாங்கியது. “தலையைத் தூக்கி மடியில வெச்சேன்,” என்றான். யாரோ விசும்பினார்கள். “தண்ணின்னு கேட்டான். வாயைத் திறந்தான்.”

அவள் வாயைத் திறந்தாள். பிறகு கீழ்த்தாடையை அப்படியே தளரவிட்டாள், அறுந்து தொங்குவதுபோல். அவன் ஊற்றினான். தண்ணீர் உதட்டின் இரண்டு பக்கமும் வழிந்து, முகவாயில் இறங்கி, கழுத்து வழியே அங்கியை நனைத்து, முழங்காலில் சொட்டி மணலில் விழுந்தது. தொண்டை அசையவில்லை. கண் அவன்மேல்தான் இருந்தது.

“பாவம், வயசாச்சு, வாயில தண்ணி நிக்கமாட்டேங்குது,” என்றாள் பெர்பெத்துவா எனக்குப் பக்கத்தில் நின்று.

“ரெண்டு வாய் குடிச்சான்,” என்றான் கிரிசாந்தோ. “முழுங்கினான்.” குடுக்கையை நிமிர்த்தப் போனான். சினோபியா தலையை லேசாக அசைத்தாள். அவன் மறுபடியும் சரித்தான். தண்ணீர் மறுபடியும் வழிந்தது. அது பெரிய குடுக்கை. பாதிகூட இன்னும் காலியாகவில்லை. அவள் வாய் திறந்தே இருந்தது.